அயர்லாந்தின் உயிர்மாட்டு ஏற்றுமதி: அரசு மானியமும் கண்காணிப்பும்

முன்னுரை

ஆநிரையைச் செல்வமாகக் கருதுதல் தொன்மைச் சமூகங்கள் பலவற்றுக்கும் பொதுவான பண்பாகும். தமிழில் ‘மாடு’ என்னும் சொல் விலங்கையும் செல்வத்தையும் ஒருங்கே குறிக்கின்றது. மேற்கு ஐரோப்பாவின் ஓரத்தில் அமைந்த அயர்லாந்துத் தீவிலும் இந்நிலையைக் காணலாம். பழைய ஐரிஷ் சட்டநூல்களில் கறவைப்பசு, விலையையும் தண்டத்தையும் அளக்கும் அலகாக வழங்கியது. அம்மொழியில் சாலையைக் குறிக்கும் சொல், பசுவைக் குறிக்கும் ‘போ’ என்னும் வேரிலிருந்து பிறந்ததாகும். பையனைக் குறிக்கும் சொல்லும் முதலில் மாடு மேய்ப்பவனையே குறித்தது. அந்நாட்டின் புகழ்பெற்ற வீரகதை, ஒரு காளையின் பொருட்டு எழுந்த ஆநிரைப் போரையே பொருளாகக் கொண்டது. சங்கப் பாடல்களைப் பிற மொழி வீரநிலைக்காலப் பாடல்களோடு ஒப்பிட்ட க. கைலாசபதி (1968) ஐரிஷ் இலக்கியத்தையும் கருத்திற் கொண்டமை தமிழாய்வாளர் அறிந்ததே.

தொல்காப்பியம் வெட்சித்திணையின் துறைகளை வகுக்குங்கால், நிரையைக் கவர்தலோடு அமையாமல், கவர்ந்த நிரையை நோவுபடாமல் செலுத்துதலையும் கொண்டுவந்தபின் பேணுதலையும் தனித்தனியே எண்ணுகின்றது. நிரையைக் கொண்டுசெல்பவன் வழியில் அதன் நலத்துக்கும் பொறுப்புடையவன் என்னும் கருத்து அவ்வகைப்பாட்டில் அடங்கியுள்ளது. இக்கருத்து இன்றைய வணிகத்தில் எவ்வாறு சட்டமாயிற்று, யாருடைய பணத்தால் சட்டமாயிற்று என்பதை அறிய அயர்லாந்தின் வரலாறு பெரிதும் துணைசெய்கின்றது. மாடுகளை இறைச்சியாக்காமல் உயிரோடு கடல் கடத்தி விற்கும் வணிகம் அந்நாட்டில் மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அரசின் தலையீட்டுக்கு உட்பட்டு வந்துள்ளது. தடை, வரி, ஒதுக்கீடு, ஊக்கத்தொகை, மருத்துவச் சான்று, மானியம் என அரசு கையாளக்கூடிய கருவிகள் அனைத்தும் அவ்வணிகத்தின்மீது கையாளப்பட்டுள்ளன.

அரசு கொடுக்கும் மானியமும் அரசு செய்யும் கண்காணிப்பும் தனித்தனிச் செய்திகளாகவே பொதுவாகப் பேசப்படுகின்றன. யாருடைய இழப்பை அரசு ஈடுசெய்ய முற்படுகின்றதோ, அவருடைய நலனையே கண்காணிப்பும் காக்கின்றது என்பதை இவ்வணிகத்தின் வரலாற்றுப் படிநிலைகளைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘தொல்லை’ என்னும் சொல்

17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அயர்லாந்தின் மாடுகள் இங்கிலாந்துக்குப் பெருமளவில் அனுப்பப்பட்டன. இதனால் மாட்டின் விலை குறைந்து, மேய்ச்சல் நிலத்தின் வாடகையும் குறைவதாக இங்கிலாந்தின் நிலக்கிழார்கள் முறையிட்டனர். 1663ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டின் பிற்பாதியில் வந்திறங்கும் மாடுகளுக்குக் கடுமையான வரி விதித்தது. 1667இல் நிறைவேறிய சட்டம் இறக்குமதியையே முற்றிலும் தடுத்தது.

அச்சட்டம் மாட்டு இறக்குமதியைப் ‘பொதுத் தொல்லை’ என்று அறிவித்தது. இச்சொல்லைப் பற்றி இரு அவைகளுக்கும் இடையே நீண்ட விவாதம் நிகழ்ந்தது. ‘கேடு’ என்னும் பொருளுடைய மென்மையான சொல்லைப் பிரபுக்கள் அவை விரும்பியது. மக்களவையோ ‘தொல்லை’ என்னும் சொல்லே வேண்டும் என்று உறுதியாக நின்றது. பொதுத் தொல்லை என்று சட்டம் அறிவித்ததற்கு அரசர் விலக்களிக்க இயலாது என்பதே இதற்குக் காரணமாகும். அரசரின் கையைக் கட்டுவதற்காகவே ஒரு வணிகம் தொல்லை என்று பெயரிடப்பட்டது. விலங்கின் துன்பமோ அயர்லாந்து உழவரின் வாழ்வோ அவ்விவாதத்தை முடிவுசெய்யவில்லை. காக்கப்பட்டது நிலக்கிழாரின் வாடகை வருவாயே.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இத்தடை நீடித்தது. அயர்லாந்து தன் மாடுகளை உப்பிட்ட இறைச்சியாக்கிக் கார்க் முதலிய துறைமுகங்களின் வழியே கப்பற்படைகளுக்கும் அட்லாண்டிக் கடல்கடந்த குடியேற்றங்களுக்கும் விற்கத் தலைப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தடை நீங்கியது. 1820களில் நீராவிக் கப்பல்கள் வந்தபின் உயிர்மாட்டு வணிகம் மீண்டும் முதன்மை பெற்றது.

1845 முதல் நிகழ்ந்த பெரும்பஞ்சம் இதனை மேலும் வளர்த்தது. 1841 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 82 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, 1851இல் ஏறத்தாழ 65 இலட்சமாகக் குறைந்தது. மக்கள் நீங்கிய உழுநிலங்களிற் பல மேய்ச்சல் நிலமாயின. மேற்குப் பகுதியின் சிறு உழவர் கன்றை ஈன்று வளர்த்து விற்க, கிழக்குப் பகுதியின் பெருநிலத்தார் அதனை வாங்கி வளர்க்க, இறுதியில் இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலத்தில் அது கொழுக்கவைக்கப்பட்டு வெட்டப்படும் முறை நிலைபெற்றது. இச்சங்கிலியின் முதற்கண்ணியாகிய சிறு உழவருக்கு விலையை முடிவுசெய்யும் ஆற்றல் இருந்ததில்லை.

நோயச்சமும் முதற் கண்காணிப்பும்

கண்காணிப்பு என்னும் சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருளில் அரசு தலையிட்டது 1865க்குப் பின்னரே ஆகும். அவ்வாண்டு பால்டிக் கடற்கரையிலிருந்து ஹல் துறைமுகத்தில் வந்திறங்கிய மாடுகளின் வழியே வெக்கைநோய் இங்கிலாந்திற் பரவியது. மாடுகள் பேரெண்ணிக்கையில் மடிந்தன. அதனைத் தொடர்ந்து அரசின் கால்நடை மருத்துவத்துறை தோன்றியது. நோயுற்ற மாடுகளைக் கொன்று புதைக்கவும், சந்தைகளை மூடவும், போக்குவரவைத் தடுக்கவும் 1866ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் அளித்தது. 1869, 1878ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இவ்வதிகாரத்தை விரிவுபடுத்தின. கப்பலில் மாடுகளுக்குக் காற்றோட்டமும் நீரும் அளிக்கப்படுதல் பற்றிய ஆணைகளும் இச்சட்டங்களின் கீழேயே பிறந்தன.

1896ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டு மாடுகள் அனைத்தையும் இறங்கிய துறைமுகத்திலேயே வெட்டவேண்டும் என்று விதித்தது. அயர்லாந்து அக்காலத்தில் ஐக்கிய முடியரசின் பகுதியாக இருந்தமையால் அதன் மாடுகளுக்கு இவ்விதி பொருந்தவில்லை. எனவே கொழுக்கவைத்தற்குரிய இளமாடுகளை உயிரோடு விற்கும் தனியுரிமை போன்றதொரு நிலை அயர்லாந்துக்குக் கிட்டியது. இவ்வுரிமை நிலையானதன்று. 1912இல் அயர்லாந்தில் கோமாரி நோய் தோன்றியவுடன் பிரிட்டன் தன் துறைமுகங்களை அடைத்தது. வாங்குபவன் கதவை அடைத்தால் விற்பவனுக்கு வேறு வழியில்லை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியும் இங்குக் கருதத்தக்கது. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்கு அனுப்பப்பட்ட திமிலுடைய மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அவற்றின் மூலம் பெல்ஜியத்தில் வெக்கைநோய் பரவியது. இதன் விளைவாக 1924இல் 28 நாடுகள் கூடி, விலங்குநோய்ச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் பன்னாட்டு அலுவலகத்தைப் பாரிஸ் நகரில் நிறுவின. இன்றைய உலக விலங்குநல அமைப்பு அதன் தொடர்ச்சியாகும். 2011இல் வெக்கைநோய் உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. உயிர்மாட்டு வணிகத்தின் பன்னாட்டுக் கண்காணிப்பு நோயச்சத்திலேயே வேரூன்றியது என்பதற்கு இது சான்றாகும். இறக்குமதி செய்யும் நாட்டின் மந்தையைக் காப்பதே அதன் குறிக்கோள். பயணம் செய்யும் மாட்டின் நலன் அதன் துணைவிளைவாகவே அமைந்தது.

பொருளாதாரப் போரும் ஊக்கத்தொகையும் (1932–1938)

1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி தன்னாட்சி பெற்றது. எனினும், முன்னாள் நிலக்கிழார்களிடமிருந்து நிலம் வாங்குவதற்காகக் கொடுக்கப்பட்ட கடனின் தவணைத்தொகையை உழவரிடமிருந்து பெற்றுப் பிரிட்டனுக்குச் செலுத்தும் பொறுப்பு புதிய அரசிடம் இருந்தது. நிலத் தவணை மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் பவுன் ஆகும். 1932இல் ஆட்சிக்கு வந்த ஈமான் டி வலேரா இத்தொகையைச் செலுத்த மறுத்தார். பிரிட்டன் அவ்வாண்டு ஜூலையில் அயர்லாந்துப் பொருள்கள்மீது தனிவரி விதித்தது. அவற்றுள் முதன்மையானது மாடு. 1934இல் இரண்டு வயதுக்கு மேற்பட்ட மாடு ஒன்றுக்கு 6 பவுன் வரை வரி உயர்ந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது. கொழுத்த மாடுகளின் இறக்குமதி முந்தைய ஆண்டின் பாதியாகக் குறைக்கப்பட்டது.

இந்நிலையில் அயர்லாந்து அரசு மாட்டு ஏற்றுமதிக்கு ஊக்கத்தொகை வழங்கத் தொடங்கியது. வரியால் நேரும் இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்து சந்தையை இழக்காமல் காப்பது இதன் நோக்கம். பணம் சென்ற வழியை நோக்கின் வேறொரு செய்தி புலனாகின்றது. அயர்லாந்து மக்களின் வரிப்பணம் ஊக்கத்தொகையாக ஏற்றுமதியாளர் கைக்குச் சென்றது. ஏற்றுமதியாளர் அதனைக் கொண்டு பிரிட்டனின் சுங்கத்தைச் செலுத்தினார். செலுத்த மறுத்த தவணைத்தொகைக்கு ஏறத்தாழ ஈடான தொகையைப் பிரிட்டன் சுங்கத்தின் வழியே மீட்டுக்கொண்டது. நேர்வழியில் கொடுக்க மறுத்த பணம் மாட்டின் முதுகில் ஏறிக் கடல் கடந்தது எனலாம்.

எண்ணிக்கை வரையறுக்கப்பட்டதால் ஏற்றுமதிக்கு உரிமம் தேவைப்பட்டது. உரிமம் குறைவு, மாடு மிகுதி என்ற நிலையில் உரிமமே விலைபொருளாயிற்று. மாட்டை வளர்த்தவனைவிட உரிமத்தைக் கையில் வைத்திருந்தவன் மிகுதியாக ஈட்டினான் என்னும் குற்றச்சாட்டு அந்நாட்டு நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டது. இக்காலத்துக் கண்காணிப்பு தலைகளை எண்ணும் கண்காணிப்பாகவே இருந்தது.

விற்கமுடியாத மாடுகளுக்கு அரசு வேறு வழிகளையும் தேடியது. கன்றுகளைக் கொல்வதை ஊக்குவிக்கக் கன்றுத்தோல் ஒன்றுக்கு 10 ஷில்லிங் வழங்கப்பட்டது. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வேலையற்ற ஏழைக் குடும்பங்களுக்கு இலவச மாட்டிறைச்சி கொடுக்கப்பட்டது. மாட்டுக்குக் குறைந்தபட்ச விலையும் அறிவிக்கப்பட்டது. பல இடங்களில் அவ்விலை ஏட்டளவிலேயே நின்றது. செலுத்தவேண்டிய தொகையைச் செலுத்தாத உழவர்களின் மாடுகள் பறிமுதல் செய்யப்பட்டு ஏலம் விடப்பட்டன. 1934 ஆகஸ்ட் 13 அன்று கார்க் நகரில் அத்தகைய ஏலம் ஒன்றை எதிர்த்தவர்கள்மீது காவலர் சுட்டதில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். ஒரு பக்கம் ஏற்றுமதிக்கு ஊக்கத்தொகை வழங்கிய அரசே மறுபக்கம் உழவனின் தொழுவத்திலிருந்து மாட்டைப் பிடித்துச் சென்ற முரண்பாட்டை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

1935 ஜனவரியில் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின்படி அயர்லாந்து பிரிட்டனின் நிலக்கரியை வாங்க இசைந்தது. பிரிட்டன் மாடுகளின் ஒதுக்கீட்டை மூன்றில் ஒரு பங்கு உயர்த்தியது. 1938 ஏப்ரல் 25 அன்று கையெழுத்தான ஒப்பந்தம், ஒரே தவணையாக ஒரு கோடிப் பவுன் பெற்றுக்கொண்டு இப்பூசலை முடித்துவைத்தது.

ஐரோப்பியச் சந்தையும் ‘மீளளிப்பு’ம்

1973 ஜனவரி 1 அன்று அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைந்தது. மாட்டிறைச்சிச் சந்தைக்கான 1968ஆம் ஆண்டின் பொது ஒழுங்குவிதி அயர்லாந்துக்கும் பொருந்தியது. இவ்விதி உள்நாட்டு விலையை உயர்த்தி நிறுத்தியது. விலை வீழ்ந்தால் அரசே இறைச்சியை வாங்கிக் குளிர்பதனக் கிடங்குகளில் வைத்தது. மிகுதியை வெளிநாட்டில் விற்க ஏற்றுமதியாளருக்குப் பணம் கொடுத்தது. இப்பணத்துக்குச் சட்டம் இட்ட பெயர் ‘மீளளிப்பு’ என்பதாகும்.

இப்பெயர் ஆராயத்தக்கது. ஒருவரிடமிருந்து பெற்றதைத் திருப்பிக் கொடுப்பதே மீளளிப்பு. இங்கோ ஏற்றுமதியாளரிடமிருந்து எதுவும் பெறப்படவில்லை. உள்நாட்டில் 100 அலகு விலையுள்ள மாடு உலகச் சந்தையில் 60 அலகுக்கே விலைபோகும் எனக் கொள்வோமாயின், எஞ்சிய 40 அலகை அரசு நிரப்பியது. உயர்ந்த விலையில் வாங்கியதால் நேர்ந்த இழப்பைத் திருப்பித் தருவதாகக் கருதப்பட்டமையால் இப்பெயர் அமைந்தது. 1667இல் ‘தொல்லை’ என்னும் பெயர் ஒரு தடைக்கு வலுச்சேர்த்தது போலவே, ‘மீளளிப்பு’ என்னும் பெயர் ஒரு மானியத்தை உரிமைபோலத் தோன்றச் செய்தது.

இத்தொகை இறைச்சிக்கும் உயிர்மாட்டுக்கும் வழங்கப்பட்டது. லிபியா, எகிப்து, பின்னர் லெபனான் முதலிய நாடுகளுக்கு அயர்லாந்தின் மாடுகள் கப்பலேறின. இவ்வணிகம் குறித்து அயர்லாந்திலேயே இரு கருத்துகள் நிலவின. மாட்டை உயிரோடு அனுப்புவது வேலைவாய்ப்பையும் தோல் முதலிய துணைப்பொருள்களின் வருவாயையும் அயல்நாட்டுக்கு அனுப்புவதாகும் என்று இறைச்சி ஆலைத் தரப்பினர் வாதிட்டனர். கப்பல் நின்றால் ஆலைகள் வைத்ததே விலையாகும். உயிர்மாட்டு வணிகமே சந்தையில் தமக்குள்ள ஒரே பிடிமானம் என்று உழவர்கள் மறுத்துரைத்தனர். இரண்டு வாதங்களிலும் உண்மை உண்டு. மானியம் உழவனின் கைக்கு நேரே வரவில்லை. சந்தையில் மாட்டுக்குக் கிடைத்த விலையின் வழியாகவே அதன் ஒரு பகுதி அவனை அடைந்தது.

இக்காலத்துக் கண்காணிப்பு எதனை நோக்கியது? சேருமிடத்துக்கு ஏற்ப மீளளிப்பின் அளவு வேறுபட்டது. ஆகவே மாடு ஒன்றியத்தின் எல்லையை உண்மையாகவே கடந்ததா, குறித்த நாட்டில் இறங்கியதா என்பதையே சுங்க அலுவலர்கள் சோதித்தனர். ஏமாற்றிப் பணம் பெறுவதைத் தடுப்பதே முதன்மை. கருவூலத்தின் இழப்பே அஞ்சப்பட்டது, கருவூலமே கண்காணிக்கப்பட்டது.

பணத்தோடு பிணைந்த கண்காணிப்பு (1991–2005)

விலங்குகளின் போக்குவரவு பற்றிய ஐரோப்பிய நெறிமுறை 1991இல் வெளியாயிற்று; 1995இல் திருத்தப்பட்டது. திருத்தத்தின்படி, வளர்ந்த மாடுகளை 14 மணிநேரம் கொண்டுசென்றபின் ஒரு மணிநேரமாவது ஓய்வும் நீரும் அளித்து, மேலும் 14 மணிநேரம் கொண்டுசெல்லலாம். பின்னர் இறக்கி 24 மணிநேரம் ஓய்வளிக்கவேண்டும். இத்திருத்தத்துக்குப் பின்னணியாக மக்கள் எதிர்ப்பு அமைந்தது. 1995இன் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஷோரம், பிரைட்லிங்ஸீ துறைமுகங்களிலும் கவன்ட்ரி விமான நிலையத்திலும் கன்று ஏற்றுமதிக்கு எதிராகப் போராட்டங்கள் நிகழ்ந்தன. பிப்ரவரி 1 அன்று கவன்ட்ரியில் கன்றுகளை ஏற்றிவந்த வாகனத்தின் அடியிற் சிக்கி ஜில் ஃபிப்ஸ் என்னும் பெண் இறந்தார்.

நெறிமுறை இருந்தும் அதனை ஒன்றியத்தின் எல்லைக்கு அப்பால் செயற்படுத்த வழியில்லை. இவ்விடத்தில்தான் மானியம் கருவியாயிற்று. 1997 டிசம்பர் 18 அன்று இயற்றப்பட்ட ஒழுங்குவிதி, விலங்குநலச் சட்டத்துக்கு இணங்கினாலன்றி உயிர்மாடுகளுக்கு மீளளிப்பு இல்லை என்று அறிவித்தது. 1998 மார்ச்சில் வெளியான 615ஆம் எண் விதி இதற்கான நடைமுறையை வகுத்தது. வெளியேறும் துறைமுகத்தில் அரசுக் கால்நடை மருத்துவர் மாடுகளைப் பார்த்துச் சான்றளிக்கவேண்டும். சேரும் நாட்டில் மாடுகள் இறக்கப்படும் வரை விதிகள் பின்பற்றப்படவேண்டும். வழியில் இறந்த மாட்டுக்குப் பணம் இல்லை. 2003ஆம் ஆண்டின் 639ஆம் எண் விதி, சேரும் நாட்டில் முதலில் இறக்கப்படும் இடத்திலேயே சோதனை நடைபெற வேண்டும் என்று மேலும் இறுக்கியது.

ஐரோப்பியச் சட்டத்தின் கை மத்தியதரைக்கடலின் மறுகரை வரை நீண்டது இவ்வாறே. பெய்ரூட்டில் இறங்கும் மாட்டின்மீது ஐரோப்பிய அதிகாரிக்கு ஆணை செலுத்தும் உரிமை இல்லை; பணத்தை நிறுத்திவைக்கும் உரிமை மட்டும் இருந்தது. அவ்வுரிமையின் வலிமையை ஏற்றுமதியாளர்கள் நன்குணர்ந்தனர். பணம் மறுக்கப்பட்ட ஏற்றுமதியாளர்கள் ஹாம்பர்க் சுங்க அலுவலகத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்குகள் ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றன. மானியத்தை விலங்குநலத்தோடு பிணைத்தது செல்லும் என்று 2008 ஜனவரி 17 அன்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீறலின் தன்மைக்கும் இழக்கும் பணத்துக்கும் பொருத்தம் இருக்கவேண்டும் என்றும் அது அறிவுறுத்தியது.

இம்முறைக்குக் குறைகளும் இருந்தன. இறங்கிய இடத்தோடு சோதனை முடிந்தது. அங்கிருந்து கொல்களம் வரை மாட்டுக்கு நேர்வது கணக்கில் வரவில்லை. அனைத்துக்கும் மேலாக, நீண்ட பயணத்தை ஊக்குவித்ததே அம்மானியந்தான். நோயை உண்டாக்கும் கையே மருந்தையும் கொடுத்தது என்று குறைகூறுவோர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

1996இல் மாட்டுப்பித்து நோய் பற்றிய அச்சம் பரவியபின் வாங்கும் நாடுகளின் கதவுகள் மூடியும் திறந்தும் வந்தன. 2003இல் வெட்டுக்கான மாடுகளுக்குரிய மீளளிப்பு எகிப்து, லெபனான் ஆகிய இரு நாடுகளுக்கென்று சுருக்கப்பட்டது. 2005 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் அதனையும் நீக்கியது. இனப்பெருக்கத்துக்கான மாடுகளுக்குரிய தொகை சில ஆண்டுகள் நீடித்துப் பின் மறைந்தது. 2015 டிசம்பரில் நைரோபியில் கூடிய உலக வணிக அமைப்பின் அமைச்சர் மாநாடு, வேளாண் ஏற்றுமதி மானியங்களை ஒழிக்க முடிவுசெய்தது.

மானியம் நின்ற பின்

மானியம் நின்றால் வணிகமும் நின்றுவிடும் என்னும் எதிர்பார்ப்பு பொய்த்தது. அயர்லாந்தின் மாடுகள் ஸ்பெயின், இத்தாலி, நெதர்லாந்து ஆகிய ஒன்றிய நாடுகளுக்குத் தொடர்ந்து சென்றன. அந்நாடுகளுக்கு மீளளிப்பு என்றுமே இருந்ததில்லை. 2016இல் துருக்கியின் சந்தை மானியமின்றியே திறந்தது. 2019இல் ஏறத்தாழ 3 இலட்சம் மாடுகளும் கன்றுகளும் அயர்லாந்திலிருந்து உயிரோடு அனுப்பப்பட்டன.

இவ்வளர்ச்சிக்குக் காரணம் வேறொரு கொள்கை மாற்றமாகும். 1984 முதல் நடைமுறையிலிருந்த பால் உற்பத்தி வரையறை 2015 மார்ச் 31 அன்று முடிவுற்றது. அயர்லாந்தின் பண்ணைகள் கறவைப்பசுக்களைப் பெருக்கின. பசு பால் தரவேண்டுமாயின் கன்று ஈனவேண்டும். பாலுக்கு உதவாத காளைக்கன்றுகள் சில வாரங்களிலேயே விற்கப்பட்டு, ரோஸ்லேரிலிருந்து பிரான்சின் ஷெர்பூருக்குக் கப்பலில் அனுப்பப்பட்டன. கப்பற்பயணம் மட்டும் ஏறத்தாழ 18 மணிநேரம். 2007 முதல் நடைமுறைக்கு வந்த 2005ஆம் ஆண்டின் 1ஆம் எண் ஒழுங்குவிதி, பால்குடி மாறாத கன்றுகளுக்கு 9 மணிநேரப் பயணம், ஒரு மணிநேர ஓய்வு, மீண்டும் 9 மணிநேரப் பயணம் என்று வரையறுக்கின்றது. கப்பலின் அடித்தளத்தில் நிற்கும் வாகனத்துக்குள் கன்றுகளுக்குப் பால் புகட்டுதல் அரிது. விதியும் கடலின் தொலைவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இங்கு நிறுத்திவைக்கத் தக்க மானியமும் இல்லை.

எல்லைக்கு அப்பால் செல்லும் கண்காணிப்பு இப்போது நீதிமன்றத்தின் வழியே வந்தது. 2012இல் ஜெர்மனியின் கெம்ப்டன் நகரிலிருந்து உஸ்பெகிஸ்தானின் அந்திஜானுக்கு 62 மாடுகளை ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் கொண்டுசெல்ல ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள வழியிலும் விதிகள் பின்பற்றப்படுமாறு பயணத்திட்டத்தைத் திருத்த வேண்டும் என்று கெம்ப்டன் நகர நிர்வாகம் கோரியது. 2015 ஏப்ரல் 23 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பயணம் ஒன்றியத்தில் தொடங்கினால் அதன் இறுதிவரை விதிகள் பொருந்தும் என்பது தீர்ப்பின் சாரமாகும். மானியம் பணத்தால் செய்ததைத் தீர்ப்பு சட்டத்தால் செய்தது. ஆயினும் தீர்ப்பின் கை புறப்படும் இடத்தில், ஒப்புதல் முத்திரையில் உள்ளது. கப்பல் நீங்கியபின் மீறல் நேர்ந்தால் உடனே இழக்கத்தக்க தொகை என்று ஒன்று இல்லை.

2020 டிசம்பரில் ஸ்பெயினின் கார்ட்டகேனாவிலிருந்து ‘கரீம் அல்லா’ கப்பலிலும், தாரகோனாவிலிருந்து ‘எல்பெய்க்’ கப்பலிலும் ஏற்றப்பட்ட மாடுகளின் கதை இதனைத் தெளிவாக்கும். முதற்கப்பலில் ஏறத்தாழ 900, இரண்டாவதில் ஏறத்தாழ 1,800 மாடுகள் இருந்தன. நீலநாக்கு நோய் பற்றிய ஐயத்தால் அவற்றை இறக்க அனுமதி கிட்டவில்லை. வேறு துறைமுகங்களும் ஏற்கவில்லை. இரண்டு மாதங்களுக்கும் மேலாகக் கடலில் அலைந்தபின் 2021 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கப்பல்கள் ஸ்பெயினுக்கே திரும்பின. எஞ்சிய மாடுகள் பயணத்துக்கோ விற்பனைக்கோ தகுதியற்றவை என்று கருதப்பட்டுக் கொல்லப்பட்டன. புறப்படுகையில் ஆவணங்கள் இருந்தன. 1912இல் அயர்லாந்து கற்ற பாடம், அதாவது வாங்குபவன் கதவை அடைத்தால் விற்பவனுக்கு வழியில்லை என்பது, நூறாண்டுக்குப் பின்னும் மாறவில்லை.

2020 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் இத்துறையை ஆராய விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் பரிந்துரைகள் 2022 ஜனவரியில் அவையின் முன் வந்தன. 2023 டிசம்பர் 7 அன்று ஐரோப்பிய ஆணையம் புதிய போக்குவரவு விதிக்கான வரைவை முன்வைத்தது. பால்குடி மாறாத கன்றுகள் குறைந்தது 5 வாரமும் 50 கிலோ எடையும் அடைந்திருக்கவேண்டும் என்பது அவ்வரைவின் கூறுகளுள் ஒன்றாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. 17ஆம் நூற்றாண்டில் நிலக்கிழாரின் வாடகை, 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் மந்தை, 1930களில் ஒதுக்கீட்டு எண்ணிக்கை, 1973க்குப் பின் ஐரோப்பியக் கருவூலம் என ஒவ்வொரு காலத்திலும் யாருடைய இழப்பு அஞ்சப்பட்டதோ அதனையே கண்காணிப்பு காத்தது.

2. ஊக்கத்தொகையும் மீளளிப்பும் விலை வேறுபாட்டை நிரப்பவே எழுந்தவை. அவை கன்றை வளர்த்த சிறு உழவனைச் சுற்றுவழியாகவே அடைந்தன. 1930களில் அப்பணம் எதிர்நாட்டின் கருவூலத்தையே நிரப்பியது.

3. எல்லைக்கு அப்பாலுள்ள மாட்டின் நலன் முதன்முதலாகப் பணமதிப்புப் பெற்றது 1997க்குப் பின்னரே ஆகும். நீண்ட பயணத்தை வளர்த்த மானியமே அப்பயணத்தைக் கண்காணிக்கும் கருவியாகவும் பயன்பட்டமை இவ்வரலாற்றின் முரணாகும்.

4. மானிய ஒழிப்பு தேவையான சீர்திருத்தமே. எனினும் மானியத்தோடு பிணைந்திருந்த பிடிமானத்துக்கு ஈடான வேறொன்றை அமைக்காமல் ஒழித்தமையால், விதிகள் வலுப்பெற்றும் அவற்றைச் செயற்படுத்தும் ஆற்றல் எல்லையில் நின்றுவிட்டது.

5. தொல்லை, மீளளிப்பு ஆகிய சட்டச்சொற்கள் நிகழ்வை விளக்குவதோடு நில்லாமல், ஒரு தரப்பின் நலனுக்கு வலுவூட்டியும் வந்துள்ளன. ஆவணங்களின் சொல்லாட்சியை ஆராயும் மொழித்துறையினர்க்கு இத்தகைய பொருளியல் வரலாறும் உரிய களமேயாகும்.

நிரையை நோவுபடாமல் செலுத்துதல் வெட்சி மறவனின் கடமையாக இலக்கணத்தில் இடம்பெற்றது. அவன் நிரையோடு தானும் நடந்தான். இன்றைய வணிகத்தில் மாட்டை வளர்த்தவரும் விற்றவரும் சான்றளித்தவரும் கரையிலேயே நின்றுவிடுகின்றனர். மாடு மட்டுமே கடைசிவரை பயணம் செய்கின்றது. வழியில் நேரும் துன்பத்துக்கு யார் பொறுப்பு, அப்பொறுப்பை மீறினால் அவர் எதனை இழப்பார் என்னும் இரு வினாக்களுக்கும் தெளிவான விடை தரும் சட்டமே இத்துறையில் இனி வேண்டப்படுவதாகும்.